கடைசி எண்ணுக்குப் பதில் சொன்னவர்

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், அந்தக் கீச்சுச் சத்தம் நின்றுவிடும். வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் தட்டச்சுக்காரரும் இதைப் பொறுத்துக்கொண்டு எப்படி வேலை பார்க்கிறீர்களோ தெரியவில்லை. பழகிவிட்டது என்பீர்கள். எனக்கு எந்தச் சத்தமும் பழகுவதில்லை, அது என் சுபாவம்.

சரி இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்பது இரண்டு. என் மாமனார் படுத்திருந்த பதினான்காம் அறையின் அழைப்பு மணி அன்று மதியம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஏன் ஒலிக்கவில்லை என்பது ஒன்று. அது ஒலிக்காமல் கிடந்தபோதும் நர்ஸ் மேசைத் திரையில் பச்சை விளக்கு எப்படி எரிந்தது என்பது இன்னொன்று. பின்னதை முதலில் சொல்கிறேன். அது என் தொழில், சொல்ல வாய் வலிக்காது.

எலும்பு முறிந்தவர்களும் வாதம் வந்தவர்களும் தேறி வீடு திரும்பும்வரை தங்குகிற இல்லம் எங்களுடையது. முப்பத்தோரு அறைகள், நடுவில் நடைக்கூடம், இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. ஒவ்வொரு கட்டிலோரமும் சுவரில் உயரமாக ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் வடத்தின் நுனியில் ஒரு பொத்தான். அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி ஒலித்து, அறை எண் திரையில் வரும். எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு அந்தப் பொத்தான்தான் கை, கால், வாய் எல்லாம். அந்தப் பெட்டிகளையும் அவை சேர்ந்திருக்கிற நெட்வொர்க்கையும் ஒன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொண்டேன்.

நிமிடத்துக்கு ஒரு முறை நர்ஸ் மேசைக் கணினி ஒவ்வொரு பெட்டியையும் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும். பெட்டி ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். இதற்குப் பெயர்தான் பிங். வேறு விஷயம் எதுவும் பேச மாட்டார்கள். தூரத்து உறவினர்கள் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது போலத்தான். வரிசையில் ஒரே ஒரு பெட்டி வாய் திறக்காவிட்டாலும் அந்த வரிசைக்குரிய விளக்கு சிவப்பாகிவிடும்.

எங்கள் பெட்டிகள் கெட்டவை அல்ல, சோம்பேறிகள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கண்ணயர்ந்துவிடும். பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும், ‘இருக்கிறாயா’ என்று கேட்டால் மட்டும் சில சமயம் பதில் வராது. உடனே சிவப்பு. உடனே தலைமை நர்ஸிடமிருந்து எனக்குப் போன். அவரை எல்லோரும் பெரியக்கா என்போம்.

“தம்பி, செவப்பு.”

“சாப்டுட்டு இருக்கேன் அக்கா. அது தூங்குது, தானா முழிச்சுக்கும்.”

“நீ நிதானமா சாப்டு. அது வரைக்கும் நான் செவப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

இதற்குப் பிறகு யாருக்குச் சோறு இறங்கும். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். போய்ப் பார்த்தால் பெட்டி நன்றாக இருக்கும், விளக்கும் அதற்குள் பச்சையாகியிருக்கும். ஒரே நாளில் இருபத்திரண்டு முறை ஓடியிருக்கிறேன். அன்று சாயங்காலம்தான் அந்த யோசனை வந்தது. எழுதிக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நுணுக்கமான இடம்.

எங்கள் நெட்வொர்க்கில் பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை எண்கள். அவற்றில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எந்தக் கருவிக்கும் கொடுக்க மாட்டோம். பூஜ்யம் அந்த நெட்வொர்க்குக்கே உரிய எண், தெருவுக்குப் பெயர்ப்பலகை இருக்கிற மாதிரி. கடைசி எண் தெருவில் குடியிருக்கிற எல்லோருக்கும் பொது. அந்த எண்ணுக்கு ஒரு கேள்வி அனுப்பினால் அத்தனை வீட்டுக் கதவையும் தட்டியதாக அர்த்தம்.

ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. வெளியிலிருந்து ஒருவன் கடைசி எண்ணை ‘இருக்கிறாயா’ என்று கேட்டால், வாசலில் இருக்கும் ரவுட்டர் அதை உள்ளே எல்லோருக்கும் பரப்பும், நூறு பேர் ஒரே மூச்சில் ‘இருக்கிறேன்’ என்று கத்துவார்கள். விஷமிகள் சும்மா இருப்பார்களா. அடுத்தவன் பெயரைப் போட்டுக் கேள்வியை அனுப்பி, பதில்களையெல்லாம் அவன் தலையில் கொட்டவைத்தார்கள். அதனால் இப்போதைய ரவுட்டர்கள் அந்தக் கேள்வியை உள்ளே விடுவதே இல்லை. சில ரவுட்டர்கள் கேட்காதது போல இருந்துவிடும். எங்களுடையது மரியாதை தெரிந்தது. கேள்வியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, தானே ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்லும். உள்ளே இருப்பவர்கள் இருக்கிறார்களா, போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று எட்டிக்கூடப் பார்க்காது. பூஜ்யத்தைக் கேட்டாலும் அதே பதில்தான். நர்ஸ் மேசைக் கணினியும் என் மடிக்கணினியும் அந்த வாசலுக்கு வெளியே இருப்பவை.

இதில் ரவுட்டர் பொய் சொன்னது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பதிலில் அனுப்பியவர் எண் என்று ஓர் இடம் உண்டு, அதில் அது தன்னுடைய எண்ணைத்தான் போடும். நர்ஸ் மேசையில் ஓடும் நிரல் பதில் வந்ததா என்று மட்டும் பார்க்கும், யார் சொன்னது என்று பார்க்காது. மனிதர்களிலும் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்தான்.

ஆகவே நான் செய்தது சின்ன வேலை. இடது வரிசையின் பட்டியலில் இருந்த பதினாறு பெட்டி எண்களையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு எண்ணைப் போட்டேன், இருநூற்று ஐம்பத்தைந்து. வலது வரிசைக்கும் அதையே போடப் பார்த்தால் நிரல் ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்கவில்லை. பூஜ்யத்தைப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. இரண்டு விளக்கும் பச்சையாகின. அதன்பிறகு மூன்று மாதம் பச்சைதான். மணிகள் எப்போதும் போல ஒலித்தன, பெரியக்கா எப்போதும் போல ஆட்சி செய்தார், நான் சுடச்சுடச் சாப்பிட்டேன். மாதாந்தரக் கூட்டத்தில் எனக்கு ஒரு நல்ல பேனா பரிசு கொடுத்தார்கள். ‘ஒரு நிமிஷம்கூடச் செவப்பு வரல’ என்று பெரியக்கா எழுந்து நின்று சொன்னார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

ஆறாம் அறையைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், மறைத்தான் என்று பெயர் வேண்டாம். அங்கே தையற்காரம்மா ஒருவர் இருந்தார், காலில் முறிவு. அவருடைய பெட்டி உண்மையாகவே செத்துவிட்டது. ஒன்பது நாள் யாருக்கும் தெரியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், அந்த அம்மாவோ அதிர்ந்து பேசாதவர். ஒரு நாள் காலையில் தானாக இறங்கப் பார்த்து, விழுந்து, மணிக்கட்டையும் முறித்துக்கொண்டார்.

“பெல் எதுக்கு வச்சிருக்கோம்? அழுத்த வேண்டியதுதானே?” என்று பெரியக்கா கடிந்துகொண்டார்.

“அழுத்துனேன்மா. ரொம்ப நேரம் அழுத்துனேன்.”

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பச்சை. அந்த அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று முடிவாகி, மருத்துவர் அதற்கும் ஒரு மாத்திரை எழுதினார். நான் அன்று மாலையே பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். மாட்டும்போது அவர் என்னைப் பார்த்து, “நான் அழுத்துனேன் தம்பி” என்றார். “தெரியும்மா” என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள், எனக்குத் தெரியும்தானே. வீடு திரும்பும்வரை அந்த மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இனி மாமனார். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியையும் ஒரு நிமிடம் தாமதிக்க விட்டதில்லை. தாமதம் என்பது பிறர் செய்யும் பாவம், காத்திருப்பது பிறர் செய்யும் வேலை என்பது அவர் சித்தாந்தம். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இருதயமும் கொஞ்சம் பலவீனம். என் மனைவிதான் எங்கள் இல்லத்தில் சேர்க்கலாம் என்றாள்.

“நீங்க பக்கத்துலயே இருப்பீங்க, எனக்குப் பயமில்ல. அந்த பெல் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க, அது போதும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதினான்காம் அறையைக் கேட்டு வாங்கினேன். என் வேலை நடக்கும் வயர் அறைக்கு அடுத்த அறை அது, நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான்.

வந்த முதல் நாளே நாற்பது முறை மணியடித்தார். தேநீர் இரண்டு நிமிடம் தாமதம், சுவர்க்கடிகாரம் அரை நிமிடம் மெதுவாக ஓடுகிறது, எதிர் அறைக்காரர் இருமுகிறார். நர்ஸ்கள் அவருக்கு டிப்போ என்று பெயர் வைத்தார்கள். அவர் எனக்கு வைத்த பெயர் அதற்கும் முந்தியது. ஒயர். கல்யாணமாகிப் பதினோரு வருடம், அவர் என்னை ஒரு முறைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. ‘ஒயர் வந்திருக்கா’, ‘ஒயரச் சாப்பிடச் சொல்லு’. வீட்டுக்குள் இருந்தவரை பரவாயில்லை. இங்கே நான் பேனா பரிசு வாங்கிய இடம்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் மதியம் ஒன்று இருபதுக்கு மணியடித்து, “அந்த ஒயரக் கூப்புடுங்க” என்றிருக்கிறார். போனேன். இரண்டு நர்ஸ்களும், உடற்பயிற்சி கற்றுக்கொடுப்பவரும் அங்கே இருந்தார்கள்.

“அந்த ஜன்னல் திரைய இழு.”

இழுத்தேன்.

“இன்னும் கொஞ்சம். ம்ஹூம், ஜாஸ்தியாயிடுச்சு. விடு, உனக்கு ஒயரத் தவிர எதுவும் இழுக்க வராது.” பிறகு நர்ஸ்கள் பக்கம் திரும்பினார். “எம் பொண்ணு எஞ்சினியரக் கட்டிக்கப் போறேன்னா. சரின்னு கதவத் திறந்து பாத்தா, ஏணியோட நிக்கிறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகச் சொன்னார், ஒத்துக்கொள்ள வேண்டும். நான் அவர் வீட்டுக்கு முதன்முதலில் போனது ஆன்டெனா மாட்டத்தான், ஏணியும் கையில் இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது என் காது இரண்டும் கொதித்தன.

எங்கள் இல்லத்தில் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை ஓய்வு நேரம். கதவுகளைச் சாத்தி, படுத்திருப்பவர்களின் போன்களை ஒரு கூடையில் வாங்கி நர்ஸ் மேசைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெரியக்காவின் சட்டம், தூங்கினால்தான் உடம்பு தேறும் என்பார். அந்த மேசை நடைக்கூடத்தின் மறு கோடியில் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் பொத்தான் ஒன்றுதான் துணை. இதெல்லாம் எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

ஒன்று முப்பத்து நான்குக்கு வயர் அறையில் பதினான்கு என்று எழுதியிருந்த வடத்தைப் பிடுங்கினேன். இரண்டு விரல் வேலை. பொத்தானுக்கு உயிர் இருக்கும், பெட்டியில் விளக்கும் எரியும், அழுத்துவது மட்டும் யாருக்கும் போய்ச் சேராது. வாழ்நாள் முழுவதும் ஊரைக் காக்கவைத்த மனிதர், ஒரே ஒரு மதியம் தானும் காத்துப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஓய்வு நேரம் முடிந்ததும் மாட்டிவிடலாம்.

சுவர் மெல்லியது என்றேனே. முதலில் முணுமுணுத்தார். பிறகு, “யாருமில்லயா? தண்ணி குடுங்கம்மா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து டிப்போவில் கூப்பிடும் குரலில், “நர்ஸம்மா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குரலுக்கு ஒரு காலத்தில் நாற்பது வண்டிகள் கிளம்பியிருக்கின்றன.

இரண்டு இருபதுக்கு மனைவி கூப்பிட்டாள்.

“அப்பா நினைப்பாவே இருக்குங்க. நல்லா இருக்காரில்ல?”

உடனே பதில் சொல்லிவிடவில்லை. என் மடிக்கணினியில் இருநூற்று ஐம்பத்தைந்தை ஒரு முறை கேட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, இருக்கிறேன் என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன், “எல்லாம் பச்சைதான். நீ நிம்மதியா இரு.” வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை நான்.

இரண்டரைக்கு மேல் குரல் மாறியது. நெஞ்சை அடைக்கிறது என்றார். கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேநீர் ஆறியிருந்தாலும் அவருக்கு நெஞ்சை அடைக்கும். பிறகு, “ஒயரு” என்றார். அடுத்த அறையில் நான் இருப்பது அவருக்குத் தெரியும். “ஒயரு, இங்க வா.” நான் அசையவில்லை. அப்புறம்தான், மேடம், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, “மாப்ளே” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. எழுந்து போயிருக்கலாம். ஆனால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. இன்னொரு தடவையும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை சன்னமாக, கெஞ்சுவது போலக் கேட்டது. அதற்குப் பிறகு அமைதி. பொறுமை பழகிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

உங்கள் மேசையில் இருக்கும் தாளில், இரண்டு நாற்பத்தைந்திலிருந்து மூன்று பதினைந்து வரை நான் பதினான்காம் பெட்டியை ஒன்பது முறை பிங் செய்தது இருக்கிறது. பிடுங்கிய வடம் கையிலேயே இருக்கும்போது எதற்குக் கேட்டாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் வராது என்று தெரியும், வரவும் இல்லை. ஒவ்வொரு முறையும் உடனே கடைசி எண்ணைக் கேட்டேன், அதற்கு வந்தது. அது வந்ததும் மனம் சமாதானமாகிவிடும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். பூனைக்கு இருட்டுகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

மூன்று இருபத்திரண்டுக்கு மாத்திரைத் தட்டோடு வந்த நர்ஸ் அலறியது கேட்டது. ஓடுகிற காலடிகள், பெரியக்காவின் குரல். நான் வடத்தை எடுத்து அதன் இடத்தில் மாட்டினேன். யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா.

இங்கேதான் நான் தவறு செய்தேன். அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தியது போய்ச் சேரவில்லை என்றால் மறக்காது, நேரத்தோடு குறித்துவைத்துக்கொண்டு, வழி கிடைத்ததும் ஒவ்வொன்றாக அனுப்பிவைக்கும். கையேட்டில் எழுதியிருக்கிறதாம், நான் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. ஆறாம் அறையில் பெட்டியையே மாற்றிவிட்டதால் அப்போதும் தெரியவில்லை. ஒன்பது வருடம் அதே பெட்டிகளோடு குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள், ஆனால் அதுதான் உண்மை.

மணி ஒலிக்கத் தொடங்கியது. கட்டிலில் அவர் கண் திறந்தபடி கிடக்கிறார், பொத்தான் உள்ளங்கையில் இருக்கிறது, விரல் அசையவில்லை, நடைக்கூடத்தின் மறு கோடியில் மணி பதினான்கு, பதினான்கு என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு நர்ஸ்கள் அழுதுவிட்டார்கள். பெரியக்கா மட்டும் மேசைக்குப் போய்த் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. ஒன்று நாற்பத்தொன்றில் தொடங்கி, இரண்டு ஐம்பத்திரண்டோடு முடிந்தது. மொத்தம் அறுபத்து மூன்று. அத்தனையும் ஒலித்து முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, நேராக வயர் அறைக்கு வந்து கதவைத் திறந்தார்.

“தம்பி, நீ எப்பத்துலேர்ந்து இங்க உக்காந்திருக்க?”

அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை. “ஒன்றரையிலேர்ந்து அக்கா” என்றேன்.

இரண்டே முக்காலுக்குள் யாராவது வந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். இருக்கலாம், அவர் படித்தவர். சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இல்லை. வடத்தைப் பிடுங்கியது நான், தெரிந்தே பிடுங்கினேன். குரல் கேட்டது, எழுந்து போகவில்லை. இவற்றை அப்படியே தட்டச்சு செய்யட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி இதைப் படிப்பாள், அவளுக்கு நியாயம் புரிய வேண்டும். மூன்றரைக்கு மாட்டிவிட வேண்டும் என்று என் போனில் அலாரம் வைத்திருந்தேன், எடுத்துப் பாருங்கள், இருக்கும். அதற்கு எட்டு நிமிடம் முன்பாகவே மாட்டியும்விட்டேன். அவசரப்பட்டது அவர்தான்.